உன் அம்மா வாலாஜாவில் இருந்த ஐந்து நாள்

தம்பி,

நேற்றுக் காலை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகவே இருந்தது. "பவித்ராவுக்கு ஏழு வாரம்னு டாக்டர் சொல்றாங்கப்பா. ஏழு வாரத்துக்கு முன்னாடி நான் ஆக்ராவுலதானே இருந்தேன்? மாத்திரை வேற சாப்புடுறேன்னு சொன்னா. கணக்கு இடிக்குதே" என்றாய். திங்கட்கிழமையே உன் பெண்டாட்டியைப் பள்ளிகொண்டாவில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டு, கொஞ்ச நாள் இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆம்பூருக்குத் திரும்பியவன் நீ. அந்தக் கொஞ்ச நாளுக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது.

இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை கிழித்துப் போட்டாயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பவித்ரா வேலூரில் டாக்டரைப் பார்க்கப் போகிறாள். குழந்தையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்வதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறாளாம். இன்றைக்குப் புதன். அதற்குள் நீ அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். நேரில் வந்து சொல்லலாம் என்றால் என்னை எனக்கே நம்ப முடியவில்லை. நான் கத்துவேன், நீ பதிலுக்குக் கத்துவாய், கடைசியில் இரண்டு பேரும் ஷிப்ட் நேரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிவோம். நம் இருவருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். தாள் தாளாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துப் படி.

நான் என்ன வேலை பார்த்தவன் என்று உனக்குத் தெரியும். டேனரியில் செலக்‌ஷன் மேஜையில் முப்பது வருஷம் நின்றவன். தோல் ஒவ்வொன்றாக வரும். விரித்துப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முள் கீறினது எங்கே, உண்ணி கடித்தது எங்கே, கத்தி பட்டது எங்கே என்று பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கினவன் நான். முதலாளியே என் மேஜைக்கு வந்து, நீ பாத்துட்டியா, அப்ப சரி என்று போவார். அந்தத் திமிரை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். குழம்பில் உப்பு ஒரு கல் கம்மி என்றால் எனக்குத் தெரியும், சட்டைக் காலரில் சுருக்கம் என்றால் தெரியும். ஒரு தோலில் ஓட்டை இருக்கிறது என்று நான் சொல்லி, இல்லை என்று ஆனதே கிடையாது. அதனால்தான் என் கண் தப்பாகப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி சொல்லப்போவதை உன்னிடம் எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். கல்யாணமான புதிதில் நாங்கள் ஆம்பூரில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். உங்கம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தாள். கை அவ்வளவு சுத்தம். அவளைச் சென்னைக்கு மூன்று மாத டிரெய்னிங் அனுப்பி, திரும்பி வந்ததும் லைனுக்குச் செக்கராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பது பேர் தைத்ததைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்கிற வேலை. நான் தோலில் செய்ததை அவள் ஷூவில் செய்திருப்பாள். அதற்காகக் குழந்தையை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்று இரண்டு பேரும் பேசித்தான் வைத்துக்கொண்டோம். சுகாதார நிலையத்து நர்ஸம்மா மாத்திரை அட்டை கொடுத்தார். வெள்ளை இருபத்தொன்று, பழுப்பு ஏழு. தினமும் ஒன்று, ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். உங்கம்மா ராத்திரி சாப்பிட்ட கையோடு போட்டுக்கொள்வாள். நான் அந்த அட்டையை ஒரு தடவைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அது பொம்பளை சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று இருந்தேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் நான் மலைக்கு மாலை போட்டேன். நாற்பத்தெட்டு நாள் விரதம். தரையில் படுக்கை, பச்சைத் தண்ணீரில் குளியல், குருசாமி வீட்டில் பஜனை. பெண்டாட்டி பக்கத்தில் வரக் கூடாது. மாலை போட்ட அன்றைக்கே உங்கம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். அட்டையில் வெள்ளை பதினொன்று பாக்கி இருந்தது. சாமி மாலையில் இருக்கும்போது இது எதற்கு, வீணாகப் போகும், அவர் மாலையைக் கழற்றினதும் விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று அந்த அட்டையை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். பசித்தால் சாப்பிடுவது, பசிக்காதபோது விடுவது மாதிரி அந்த மாத்திரையை நினைத்துக்கொண்டோம். அது அப்படி இல்லை என்று எங்களுக்குத் தெரியாது.

மாலை போட்ட வீட்டில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, நீயும் பார்த்திருப்பாய். வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு வந்து தூரமானால் அந்த நாட்களில் வேறு வீட்டில் போய் இருக்க வேண்டும். அந்த நாற்பத்தெட்டு நாளில் உங்கம்மாவுக்கு இரண்டு தடவை ஆனது. முதல் தடவை பக்கத்துத் தெருவில் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தாள். இரண்டாவது தடவை அங்கே இடமில்லை. நான்தான் வாலாஜாபேட்டைக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னேன். நானே பஸ் ஏற்றிவிட்டேன், தொடாமல் நான்கடி தள்ளி நின்று. ஐந்து நாள் இருந்துவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் நான் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினேன். அன்றைக்கே அவள் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்த அட்டையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து போட ஆரம்பித்தாள். நடந்தது இவ்வளவுதான் தம்பி. இதில் எங்கே குற்றம் இருக்கிறது என்று நீயே தேடிப் பார்.

பழுப்பு மாத்திரையும் தீர்ந்து, நாள் தள்ளிப்போய், ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். நான் வெளியே நின்றேன். அவள் சீட்டோடு வந்தாள். முகத்தில் பயம் பாதி, சிரிப்பு பாதி. "ஆறு வாரமாம்" என்றாள். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போதே எண்ண ஆரம்பித்துவிட்டேன். நான் மாலையைக் கழற்றி அன்றைக்கு முப்பத்திரண்டு நாள். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு. பத்து நாள் ஜாஸ்தியாக இருக்கிறது. நாற்பத்திரண்டு நாளைக்கு முன்னால் நான் கழுத்தில் மாலையோடு தரையில் படுத்துக்கொண்டிருந்தேன். அவள் வாலாஜாவில் இருந்தாள். அவள் அம்மா வீட்டுத் தெருவில்தான் அவளுடைய மாமன் மகன் இருந்தான். என்னைப் பார்க்கும் முன்பு அவனுக்குத்தான் அவளைக் கொடுப்பதாகப் பேச்சு. வீடு போய்ச் சேருவதற்குள் என் மனதில் வழக்கு நடந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

அவள் கம்பெனிக் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே கேட்டேன்.

"ஆறு வாரம்னா நீ வாலாஜாவுல இருந்த நாளு. அங்க இன்னா நடந்துச்சு?"

இருபத்தெட்டு வருஷம் ஆகப்போகிறது. அவள் கோட்டை முழுசாக மடித்து முடித்தாள். "என்னைய அங்க அனுப்புனது நீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்பது நாள் எங்களுக்குள் பேச்சில்லை. சாப்பாடு வைப்பாள், நான் சாப்பிட மாட்டேன், அப்படியே மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். எனக்கு அவள் மௌனம் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி தெரிந்தது. அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் பதில் தெரியாதடா. டாக்டர் ஆறு வாரம் என்கிறார், அந்த நாளில் தான் வாலாஜாவில் இருந்ததும் நிஜம், தன் மேல் தப்பில்லை என்பதும் நிஜம், அப்படியானால் இது எப்படி என்று அந்த ஒன்பது நாளும் அவள் தன் உடம்பையே பயந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வயிற்றில் நீ. பக்கத்தில் நான், எருமை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பத்தாம் நாள் நர்ஸம்மா ரிஜிஸ்டரில் பதிய வீட்டுக்கு வந்தார். குரல் பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. கடைசியாகத் தூரமான முதல் நாள் எது என்று கேட்டார். உங்கம்மா தேதி சொன்னாள், வாலாஜாவுக்குப் பஸ் ஏறின தேதி. நர்ஸம்மா விரலை மடித்து எண்ணி, ஏழு வாரம் தாண்டிடுச்சு என்று எழுதிக்கொண்டார். நான் வாசலில் நின்றவன் உள்ளே வந்து, அது எப்பிடிங்க, அப்ப நான் மாலையில இருந்தேனே என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்கம்மா முகத்தையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "ஏய்யா, புள்ள என்னிக்கு உண்டாச்சுன்னு யாருக்குத் தெரியும்? பொம்பளைக்குத் தெரிஞ்சது தூரமான தேதி ஒண்ணுதான். அதுல இருந்துதான் வாரத்தை எண்ணுவாங்க, ஊரு உலகமெல்லாம் அப்பிடித்தான். நெசமா உண்டானது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. அவ தூரமான நாள்ல நீ மாலையில இருந்தா என்ன, மலையில இருந்தா என்ன?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

புரிகிறதா தம்பி? அந்தக் கணக்கை எங்கிருந்து ஆரம்பிக்கிறார்களோ அந்த நாளில் பெண் தூரமாக இருப்பாள். மாலை போட்ட வீட்டில் தூரமானவள் வேறு வீட்டில்தான் இருப்பாள். அதாவது, என் மாதிரி ஒரு முட்டாள் எண்ணினால் அந்தக் கணக்கு அவள் வீட்டில் இல்லாத நாளில்தான் போய் முட்டும். எதற்காக அவளை நான் வாலாஜாவுக்கு அனுப்பினேனோ அதுவே அவள் மேல் தப்பில்லை என்பதற்குச் சாட்சி. அதையே நான் குற்றமாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். தோல் பார்த்துத் தரம் பிரித்த கண்.

உன் கணக்குக்கு வருகிறேன். நீ கம்பெனி வேலையாக ஆக்ராவில் ஆறு வாரம் இருந்தாய். ஊர் திரும்பி ஐந்து வாரமும் நான்கு நாளும் ஆகிறது. ஏழு வாரத்தில் இரண்டு வாரத்தைக் கழி. ஐந்து வாரம். அப்போது நீ ஆம்பூரில் உன் வீட்டில்தான் இருந்தாய். மாத்திரைக்கும் பதில் இருக்கிறது. நேற்று மத்தியானம் உங்கம்மா பவித்ராவிடம் பேசினாள். நீ ரயில் ஏறின மறுநாளே அந்தப் பெண் அட்டையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறாள், நீ இல்லாதபோது எதற்கு என்று. நீ வருகிற தேதி சொன்னதும், வருவதற்கு மூன்று நாள் முன்னால் பழைய அட்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறாள். பி.எட். கடைசி வருஷம் படிக்கிற பெண், எல்லாம் தெரியும் என்றுதான் நாம் நினைப்போம். இதைப் பற்றி அவளுக்கு யார் உட்கார வைத்துச் சொன்னார்கள்? நீ சொன்னாயா? நான்தான் உனக்குச் சொன்னேனா?

இன்று காலை நான் சுகாதார நிலையத்துக்குப் போனேன். வரிசை முழுக்கப் பெண்கள், நடுவில் நான். பழைய நர்ஸம்மா இல்லை, இப்போது இருப்பது ஒரு சின்னப் பெண். கருத்தடை மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "பெரியவரே, யாருக்கு?" என்றது. வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். அந்தப் பெண் சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாள் மட்டும் மறந்துபோனால், ஞாபகம் வந்த உடனே போட்டுக்கொள்ள வேண்டும், அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்துக்குப் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டு நாளோ அதற்கு மேலோ வெள்ளை மாத்திரை விட்டுப்போனால் அதை நம்பி இருக்கக் கூடாது. உடனே ஒன்றைப் போட்டுக்கொண்டு, தினமும் தொடர்ந்து, ஏழு நாள் வரைக்கும் ஆணுறையும் வேண்டும், இல்லாவிட்டால் விலகி இருக்க வேண்டும். விட்ட நாட்களில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மூன்று நாள் கடப்பதற்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, டாக்டரையோ நர்ஸையோ கேட்டு அவசர மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். வாரக்கணக்கில் நிறுத்தியவர்கள் பழைய அட்டையை நடுவிலிருந்து தொடரவே கூடாதாம், நர்ஸைக் கேட்டுப் புது அட்டையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோதே கரு தங்கிவிட்டதே, குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்றும் கேட்டேன். அதனால் கெடுதல் என்று பயப்பட வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தால் போதும் என்றது. உன் அப்பன் இதையெல்லாம் எழுதுகிறானே என்று முகம் சுளிக்காதே. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வரிசையில் போய் நின்றிருக்க வேண்டியவன் நான்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒன்று உறுத்துகிறது. இந்தக் கணக்கை உனக்கு நான் சொல்லலாமா கூடாதா என்று நேற்று முழுக்க அடித்துக்கொண்டேன். கணக்குத் தெரியாமலே நீ போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதுதான் மன்னிப்பு. இப்போது நான் விடையைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். விடை தெரிந்துகொண்டு போகிறவன் எதை நம்பிப் போனான்? என் கதையும் அப்படித்தான் ஆனது. நர்ஸம்மா போனதும் எனக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. சிரித்தேன்கூட. நேராகக் கடைக்குப் போய் உங்கம்மாவுக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தேன். மசக்கையில் இருந்தவள் அந்த வாசனைக்கே வாந்தி எடுத்தாள். நானே முழுசையும் சாப்பிட்டேன். கணக்குச் சரியாகிவிட்டது, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை, அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. பிள்ளை உண்டானதால் அந்தச் சென்னை டிரெய்னிங் பட்டியலில் அவள் பெயரை எடுத்துவிட்டு வேறு பெண்ணைப் போட்டார்கள். நீ பிறந்தாய், உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினேன். உன் மேல் ஒரு நாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை, அதை மட்டும் நீ நம்பு.

நேற்று நீ போன் செய்த பிறகு, என்ன விஷயம் என்று உங்கம்மா கேட்டாள். மறைக்க முடியவில்லை, சொன்னேன். அவள் எழுந்து போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். எல்லாம் மாதக் காலண்டர். வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மாதத்திலும் சில நாட்களுக்கு வட்டம், சில நாட்களுக்குக் குறுக்குக் கோடு. அடுப்படிக் காலண்டரில் அவள் பென்சிலால் ஏதோ போடுவாள் என்று எனக்குத் தெரியும். பால் வராத நாள், சிலிண்டர் மாற்றின நாள் என்று நினைத்திருந்தேன்.

"வட்டம் எனக்குத் தூரமான நாளு. கோடு நீங்க ஊர்ல இல்லாத நாளு. மறுபடி ஒருவாட்டி கேட்டீங்கன்னா காட்டுறதுக்கு" என்றாள்.

கான்பூருக்குத் தோல் பார்க்கப் போனது, கல்கத்தாவுக்குப் போனது, என் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் நான்கு நாள் வெளியூர் அலைந்தது, ஒவ்வொரு வருஷமும் மலைக்குப் போனது, எல்லாவற்றுக்கும் கோடு. உன் தங்கை பிறந்த வருஷத்தில் தேதிகளைப் பேனா மையால் எழுதியிருந்தாள். கடைசி ஆறு வருஷக் காலண்டர்களில் வட்டமே இல்லை, வெறும் கோடுதான். எல்லாம் நின்ன பிறகும் எதுக்கு இது என்று கேட்டேன். "கை நிக்கல" என்றாள். தம்பி, நான் செய்தது அந்த ஒரு நாளோடு முடிந்துவிட்டது என்று இருந்தேன். அவள் தினமும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கைச் சொல்லாமல் உன்னை அனுப்பலாமா என்று உங்கம்மாவிடம் யோசனை கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் யோக்கியனா ஆவுற வரைக்கும் அந்தப் பொண்ணு அங்க பேஜாரா உக்காந்திருக்கணுமா? எல்லாத்தையும் எழுதுங்க. நீங்க கேட்டதையும் எழுதுங்க. அவன் தோஸ்துங்க படிச்சாலும் பரவால்ல, கல்யாணம் ஆனவன் எவன் வேணா படிக்கட்டும்" என்றாள். அதனால் இதை நீ உனக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உன் லைனில் எத்தனை பேர் ஒரிசாவுக்கும் ஆக்ராவுக்கும் போய்வருகிறார்கள், அவர்கள் வீட்டிலும் ஒரு அட்டை பாதியில் நிற்கலாம்.

பள்ளிகொண்டா போனதும், டாக்டரைக் கேட்டேன், அப்பாவைக் கேட்டேன், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பிக்காதே. அவள் அப்பாவும் அம்மாவும் இருந்தால் இருக்கட்டும், அவர்கள் முன்னாலேயே சொல். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், அது என் தப்பு என்று சொல். மாத்திரையை ஏன் விட்டாய் என்று கேட்காதே, அந்த அட்டை உனக்கும் சேர்த்துத்தான். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதில் நீ வாயைத் திறக்கும் முன்பு அவள் என்ன நினைக்கிறாள் என்று கேள். அவள் உடம்பு, அவள் படிப்பு. அடுத்த மாதம் குடியாத்தத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற பயிற்சி ஆரம்பிக்கிறது. உங்கம்மாவுக்குப் போன மாதிரி அதுவும் போய்விடக் கூடாது. அவள் என்ன முடிவு செய்தாலும் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நீ அந்த டாக்டர் அறைக்கு உள்ளே இருக்க வேண்டும். நான் நின்ற மாதிரி வெளியே நிற்காதே.

இந்தக் கடைசித் தாளை எழுதும்போது உங்கம்மா பின்கட்டில் பவித்ராவிடம் மறுபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்கவில்லை, தானாக விழுந்தது. "அவன் வந்து மன்னிச்சிடுன்னு சொன்னா நீ உடனே சரின்னு சொல்லணும்னு இல்லம்மா. உனக்குத் தோணுனாச் சொல்லு" என்றாள். நீங்களா இருந்தா மன்னிப்பீங்களா என்று அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். உங்கம்மா சொன்னாள்: "எனக்கு எப்பிடித் தெரியும்? எங்கிட்ட அவரு கேக்கவே இல்லியே."

இந்தத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு நான் பின்கட்டுக்குப் போகிறேன். எனக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது, என்ன சொல்வாளோ தெரியவில்லை. உனக்கு இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது. கிளம்பு.

அப்பா